பழைய வீடும் புதிய அறையும்



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. பழைய வீட்டை வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை. அந்நாளில் வீடு தந்தையிடமிருந்து மகனுக்கோ, மருமக்கள் வழித் தரவாட்டில் தாய்வழியினருக்கோ வந்து சேர்ந்தது. விலை கொடுத்து வாங்கியோர் சிலரே. இன்று திருவனந்தபுரம் நகரின் உட்பகுதியில் காலி மனை கிடைப்பது அரிது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தொலைவில் வாழ விரும்புவோர் ஐம்பது, அறுபது, நூறு ஆண்டுகள் கண்ட வீடுகளை நாடுகிறார்கள். வீட்டைப் பார்க்கப் போன அன்றே, 'பின்னால் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். மேலே ஒரு மாடி போட்டுவிடலாம்' என்ற எண்ணமும் தோன்றிவிடுகிறது. வாழ்நாட் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒருசேர இறக்கும் காரியம் இது. ஆதலின், வாங்குவதையும் விரிவாக்குவதையும் இரண்டு செயல்களாகப் பிரிக்காமல், ஒரே செயலாகக் கொண்டு சிந்திப்பது நலம்.

முதலில் இந்நகரின் பழைய வீடுகள் எத்தகையவை என்று பார்ப்போம். கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் காலத்தில், 1795இல், திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாறியது. பத்மநாபசுவாமி கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் கோட்டைக்குள்ளும், வலியசாலை, கரமனை போன்ற இடங்களிலும் வரிசை வீடுகளில் குடியிருந்தன. முகப்பு குறுகியது, ஆழம் மிக நீண்டது, இரு பக்கமும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர். திண்ணை, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை, கிணறு என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை அவை. இரண்டாம் வகை, தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் ஓட்டு வீடு. வெட்டுக்கல்லோ செங்கல்லோ மண்ணோ கொண்ட சுவர். தேக்கு, அயினி, பலா ஆகிய மரங்களாலான கூரைச் சட்டம். மேலே மங்களூர் ஓடு. மூன்றாம் வகை, வளைகுடா நாடுகளில் உழைத்தோரின் பணம் வந்து சேர்ந்த எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெருகிய தட்டைக் கான்கிரீட் வீடு. இம்மூன்றுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

வீட்டைப் பார்க்குமுன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அதனை ஆதாரம் என்பர். பழைய ஆதாரங்கள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டிருக்கும். 1100ஆம் ஆண்டு என்று கண்டால் அது கி.பி. 1924-25 என்று கொள்க. தரவாட்டுச் சொத்தாயின், பாகப்பிரிவினை எப்போது நடந்தது, எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள் என்பதை ஒரு வழக்கறிஞரைக் கொண்டு ஆராய்க. கேரளத்தில் இந்துக் கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கும் சட்டம் 1975இல் இயற்றப்பட்டு, 1976 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய உரிமைகள் சில வீடுகளில் இன்னும் தீராமல் நிற்கக்கூடும். முன்னாதாரம், வில்லங்கச் சான்று, கிராம அலுவலகத்தின் போக்குவரவு, நிலவரி ரசீது ஆகிய நான்கும் ஒரே நிலத்தைக் குறிக்கின்றனவா என்று சர்வே எண்ணை வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். ஆதாரத்தில் ஐந்து சென்ட் என்றிருந்து, அளந்தால் நாலே முக்கால் சென்ட் இருக்குமாயின், குறைவது ஏறக்குறைய நூற்றொன்பது சதுர அடி. ஓர் அறையின் அளவு அது. நீங்கள் மனத்தில் கட்டிய புதிய அறை அங்கேயே மறைந்துவிடும்.

அடுத்தது வீட்டின் உடல்நிலை. ஓட்டு வீட்டை மழை நாளில் பார்ப்பதே முறை. விற்பவர் வெயிற்காலத்தில் சுண்ணாம்படித்துக் காட்டுவார். ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வரும் துலாவர்ஷமும் உண்மையைக் காட்டும். ஓடு உடைந்திருப்பது பெரிய குறையன்று, மாற்றிவிடலாம். கூரைச் சட்டத்தின் கால்கள் சுவரில் வந்து அமரும் இடத்தில், உத்தரத்தை ஓர் உளியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றொலி எழுந்தால் கறையான் உள்ளே குடிபுகுந்திருக்கிறது. சுவரின் அடியில் ஈரம் ஏறியிருப்பின், அதன்மேல் சிமெண்ட் பூச்சு உண்டா என்று பார்க்க. சுண்ணாம்புக் காரையில் கட்டிய வெட்டுக்கற் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதனைச் சிமெண்டால் மூடினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கும். கான்கிரீட் வீட்டில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து துருவேறிய கம்பி தெரிந்தால், அதன்மேல் மாடி எழுப்பும் கனவை ஒரு கட்டுமானப் பொறியாளர் சோதித்துச் சொல்லும்வரை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

இனி, விரிவாக்கத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், மாடியேற இயலாத பெற்றோர். கரமனையில் ஒரு வரிசை வீட்டை வாங்கியிருக்கிறார்கள். பெற்றோருக்குக் கீழேயே ஒரு படுக்கையறையும் அதனோடு சேர்ந்த குளியலறையும் வேண்டும். நியாயமான தேவை. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்ததும், 'நடுவில் இடம் வீணாகக் கிடக்கிறதே, முற்றத்தை மூடிவிட்டால் அறை ஆயிற்று' என்கிறார். செலவும் குறைவு, சுவர்களும் தயார். பெரும்பாலோர் இசைந்துவிடுகிறார்கள்.

அந்த முற்றம் வீணாகக் கிடக்கவில்லை, அன்பர்களே. இருபுறமும் பொதுச்சுவர் உள்ள வீட்டுக்குச் சாளரம் வைக்க வாய்ப்பில்லை. முன்வாயில், கொல்லை, முற்றம் என்ற மூன்று இடங்களிலேதான் அவ்வீடு வெளியுலகைத் தொடுகிறது. முற்றத்துச் சூடான காற்று மேலெழும்போது, திண்ணைப் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கூரைகளின் மழைநீர் அங்கே இறங்கி, ஓடை வழியாகக் கொல்லைக்குச் செல்கிறது. முற்றத்தை மூடினால் ஓர் அறை கிடைக்கும். அதற்கு விலையாகக் கூடம் இருளும், அடுக்களைப் புகை தங்கும், நண்பகலிலும் விளக்கெரிய வேண்டும், ஓடை அடைபட்டு மழைநீர் சுவரைத் தேடும். யாருக்காக அறை எடுத்தோமோ, அந்த முதியவர்கள் காற்றில்லாத நடுவறையில் படுத்திருப்பார்கள்.

ஆகவே, எந்த விரிவாக்கத் திட்டத்தையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: புதிய பகுதி எதைத் தருகிறது என்று கேட்பதோடு நில்லாமல், பழைய வீட்டிலிருந்து அது எதை எடுத்துக்கொள்கிறது என்று கேளுங்கள். வெளிச்சம், காற்று, மழைநீர் போகும் வழி இம்மூன்றில் எதுவும் குறையாதாயின் அத்திட்டம் நன்று. நம் கற்பனைக் குடும்பத்துக்கு வழி வேறு உண்டு. முற்றத்தை ஒட்டியுள்ள பழைய அறையைப் பெற்றோருக்கு அளித்து, அதனருகே சிறியதொரு குளியலறை அமைத்து, பிள்ளைகளுக்கான புதிய அறையைக் கொல்லைப் பக்கம் எடுக்கலாம். முதியவர்கள் வீட்டின் நடுவே, எல்லாருடைய குரலும் கேட்கும் இடத்தில் இருப்பார்கள்; புதிய கட்டடமும் சிறியதாகும்.

கொல்லையில் கட்டும்போது கிணற்றை மறவாதீர்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டருக்குள் கழிவுநீர்த் தொட்டியோ உறிஞ்சுகுழியோ அமைக்கலாகாது என்று கேரளக் கட்டட விதிகள் கூறுகின்றன. உங்கள் கிணற்றைப் போலவே அண்டை வீட்டுக் கிணற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். குறுகிய மனைகளில் குளியலறை எங்கே வரலாம் என்பதைப் பல வேளைகளில் இவ்விதியே முடிவு செய்துவிடும். ஆதலால் வரைபடம் தீட்டுமுன் கிணற்றைக் குறித்துக்கொள்க.

பழையதும் புதியதும் சேரும் இடமே விரிவாக்கத்தின் உயிர்நிலை. நூறாண்டு நின்ற சுவர் தன் அடித்தளத்தில் அமிழ வேண்டிய அளவு அமிழ்ந்து நிலைத்துவிட்டது. புதிய சுவரோ முதற் சில ஆண்டுகளில் சற்றே இறங்கும். இரண்டையும் கல்லோடு கல் கோத்துக் கட்டினால், இறங்கும் சுவர் நிற்கும் சுவரை இழுத்து வெடிப்பு உண்டாக்கும். இடையே மெல்லிய இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் பொருளால் அதை அடைப்பதே முறை. புதிய கூரையைப் பழைய இறவாரத்துக்குக் கீழே தாழ்த்தி அமைத்தால், மேலைக் கூரையின் நீர் கீழைக் கூரைமேல் இயல்பாக வழியும். இரண்டு கூரைகளும் எதிரெதிரே சாய்ந்து நடுவில் பள்ளம் உண்டாயின், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்நகரில் அப்பள்ளம் என்றாவது ஒழுகியே தீரும். மண்சுவரின் மேலும் வெட்டுக்கற் சுவரின் மேலும் கான்கிரீட் மாடியை ஏற்றத் துணியலாகாது. மாடி இன்றியமையாததாயின், தனித் தூண்களின்மேல் அதனை நிறுத்தலாமா என்று பொறியாளரைக் கேட்டறிக.

சிறுகச் சிறுக வீட்டை வளர்ப்பதற்கு இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, நம் நாட்டையே தம் நாடாகக் கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1970ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறினார். 2007இல் மறையும்வரை நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில் வாழ்ந்தார். சிற்றூர் என்று பொருள்படும் 'ஹாம்லெட்' என்பது அவ்வீட்டின் பெயர். சிறியதாகத் தொடங்கிய அதனைத் தேவை எழுந்தபோதெல்லாம் அவர் கூட்டிக்கொண்டே போனார். சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே அறைகளை அமைத்தார். இடிக்கப்பட்ட வீடுகளின் மரங்களையும் ஓடுகளையும் மீண்டும் பயன்படுத்துவது அவர் வழக்கம். செங்கற்களை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையை இங்கே பரப்பியவர் அவர். அம்முறையில் செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். உள்ளூரில் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் கட்டடங்களில் அவர் கைத்திறனைக் காணலாம். 1985இல் தொடங்கப்பட்ட காஸ்ட்போர்டு நிறுவனம் அவர் முறைகளைத் தொடர்ந்து கையாண்டு வருகிறது. பழைய வீட்டோடு ஓர் அறை சேர்க்க எண்ணுவோர்க்கு இவை அனைத்தும் பொருந்தும்: கழற்றிய கதவும் சாளரமும் ஓடும் விறகுக்கும் குப்பைக்கும் போக வேண்டியவை அல்ல, புதிய அறையின் பாதி அங்கேயே இருக்கிறது.

அனுமதியைப் பற்றி ஒரு சொல். உட்சுவருக்குச் சுண்ணாம்படிப்பது போன்ற சிறு பணிகளுக்கு அனுமதி வேண்டியதில்லை. தரைப்பரப்பைக் கூட்டுவதற்கு மாநகராட்சியின் அனுமதி வேண்டும். 1999இல் வந்த நகராட்சிக் கட்டட விதிகளுக்குப் பதிலாக 2019இல் புதிய விதிகள் வந்துள்ளன. பழைய வீடு எல்லையை ஒட்டி நிற்கிறது என்பதனால் புதிய பகுதியும் அவ்வாறே நிற்கலாம் என்று எண்ணிவிடலாகாது. முன்னும் பின்னும் பக்கங்களிலும் விட வேண்டிய இடம் அதற்கு உண்டு. கோட்டைப் பகுதியில் வாங்குவோர், மரபுச் சின்னங்களைக் காக்கும் கட்டுப்பாடுகள் தம் தெருவுக்கு உண்டா என்பதை முன்பணம் கொடுக்குமுன்னரே விசாரித்தறிய வேண்டும். பொதுச்சுவரில் கை வைக்க வேண்டியிருப்பின், அண்டை வீட்டாரிடம் நேரில் சென்று சொல்லி, எழுத்திலும் இசைவு பெறுக. அறை முடிந்தபின்னும் அவர்தாமே நமக்கு அயலார்!

இறுதியாக, செலவை வரிசைப்படுத்துக. முதற்பணம் கூரைக்கும் ஈரத்துக்கும் கறையானுக்கும். அடுத்தது மின்கம்பிகளுக்கும் குழாய்களுக்கும். அதன்பின்னரே புதிய அறைக்கு. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கையேனும் தொடாமல் வையுங்கள்; பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்தக் கொத்தனாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இயலுமாயின், வாங்கிய வீட்டில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் குடியிருந்து பாருங்கள். பிற்பகல் வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது, கடற்காற்று எந்தச் சாளரம் வழியே வருகிறது, இரவு மழையில் நீர் எங்கே தேங்குகிறது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வரைபடம் தீட்டுபவர் முதன்முதலில் வரும் நாளில் அக்குறிப்பேட்டை அவர் கையில் கொடுங்கள்.