குரல் கொடுப்பவரிடமே கட்டணம்

(தில்லியில் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிப்பு வட்டத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு தோழர் கேட்டார். கால்பந்து என்றால் பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கழகங்கள் பல ஆலை வாசலில் பிறந்தவை. இன்று மான்செஸ்டர் யுனைடெட் எனப்படும் கழகத்தை 1878இல் தொடங்கியவர்கள் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள். ஆர்சனல் 1886இல் உல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் தோன்றியது. வெஸ்ட் ஹாமின் வேர் தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறது. ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் வழக்கமும் சனிக்கிழமை அரைநாள் விடுப்பு என்ற உரிமையோடு சேர்ந்து வந்ததே. ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளி நேரே மைதானத்துக்குச் சென்றான்.

அவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று அதே மைதானத்தின் நுழைவுச்சீட்டு எட்டாத பொருளாகிவிட்டது. நல்ல இருக்கை, நல்ல பாதுகாப்பு, நல்ல ஆட்டக்காரர்கள், ஆகவே கூடுதல் விலை என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். இந்த விளக்கத்தைச் சற்று உரசிப் பார்ப்போம்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசல் மொத்தம் 97 உயிர்களைப் பறித்தது. காவல்துறையும் பத்திரிகைகளில் ஒரு பகுதியும் பழியை ரசிகர்கள்மீதே சுமத்தின. இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்ற தீர்ப்பு வர 2016 வரை அவர்களின் குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. அந்தப் பேரழிவை ஆராய்ந்த டெய்லர் பிரபுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கை, நின்று பார்க்கும் இடங்களை அகற்றி இருக்கைகள் அமைக்கச் சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: இருக்கை போடுவதால் ஏழை ரசிகரை விலக்கும் அளவுக்குக் கட்டணம் உயரத் தேவையில்லை. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கைக்கு 6 பவுண்டு, நின்று பார்க்க 4 பவுண்டு என்று அது எடுத்துக்காட்டும் தந்தது. கழக உரிமையாளர்கள் முதற்பாதியை நிறைவேற்றினார்கள். மறுபாதியைப் படிக்காததுபோல் இருந்துவிட்டார்கள். ரசிகர்களின் சாவையே ரசிகர்களை வெளியேற்றும் வாய்ப்பாக மாற்றிய இந்தச் செயலைக் கடுமையான சொற்களில்தான் சொல்ல வேண்டும்.

வழி முன்பே திறக்கப்பட்டிருந்தது. கழகப் பங்குதாரர்கள் எடுக்கும் இலாபத்துக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நெடுங்காலம் வரம்பு விதித்திருந்தது. 1983இல் டாட்டன்ஹாம் கழகம், தன்னை உடைமையாகக் கொண்ட தனி நிறுவனம் ஒன்றை உருவாக்கிப் பங்குச் சந்தையில் இறக்கி, அந்த வேலியைத் தாண்டியது. 1992இல் முதல் பிரிவுக் கழகங்கள் தொலைக்காட்சி வருவாயைக் கீழ்ப்பிரிவுகளோடு பகிர மனமின்றித் தனியே பிரிந்து பிரீமியர் லீக் கண்டன. முதல் ஒளிபரப்பு ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு 30.4 கோடி பவுண்டு. 2025இல் தொடங்கிய உள்நாட்டு ஒப்பந்தமோ நான்காண்டுகளுக்கு 670 கோடி பவுண்டு!

இவ்வளவு பணம் வேறு வழியில் வரும்போது வாயிற்கட்டணத்தைக் குறைத்திருக்கலாம் அல்லவா? குறைக்கவில்லை. வீட்டில் இருந்து பார்ப்பவரும் தப்பவில்லை. ஸ்கை, டிஎன்டி என இரண்டு நிறுவனங்களுக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்டினாலும் ஆண்டின் 380 ஆட்டங்களும் கிடைக்கா. சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை அங்கே நேரலையில் காட்டுவதில்லை. மைதானத்துக்கு வருவோர் குறையக்கூடாது என்று வைத்த பழைய விதி அது. மைதானத்துக்குப் போகப் பணம் இல்லாதவருக்கு இன்று அதுவே இரண்டாவது பூட்டு.

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். கழக நிர்வாகங்கள் ரசிகரை 'வாடிக்கையாளர்' என்கின்றன. கடைக்காரர் விலையேற்றினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். லிவர்பூல் ரசிகர் சீட்டு விலை ஏறியது என்று எவர்ட்டனுக்கு மாறுவாரா? மாறமாட்டார். அந்தப் பற்றுக்குத்தான் விலை வைக்கிறார்கள். ஏகபோகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

2020இல் கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் ஆட்டம் நடந்தபோது மூலதனம் தன் வாயாலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. ஆரவாரம் இல்லாத ஆட்டம் சுவைக்கவில்லை. ஆகவே ஒளிபரப்பாளர்கள் கணினி விளையாட்டுக்கெனச் சேமித்திருந்த கூட்ட ஒலியை எடுத்துச் சேர்த்தார்கள். உலகெங்கும் விற்கப்படும் சரக்கில் கேலரியின் குரலும் ஒரு பகுதி என்பது அப்போது வெளிப்பட்டது. ரசிகரைக் கூலித் தொழிலாளி என்று நான் சொல்லவில்லை. மார்க்சின் கருத்தாக்கங்களை அப்படி இழுத்து நீட்டக்கூடாது. ஆனால், சரக்கின் ஒரு பகுதியை ஆக்கித் தருபவரிடமே அதற்காகக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

இக்குரலை நிறுத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் அடுத்த பருவத்துக்கு 77 பவுண்டு இருக்கையை அறிவித்தது. ஆன்ஃபீல்டு மைதானத்தில் சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றனர். வெளியூர் ரசிகர் சீட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பும் அவ்வாண்டே வந்தது. பல்லாண்டு அமைப்பு வேலை அதன் பின்னே இருந்தது.

ஜெர்மனியில் ரசிகரின் கை இன்னும் வலிது. கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. நின்று பார்க்கும் மலிவான கேலரிகளும் அங்கே ஒழிந்துவிடவில்லை. டார்ட்மண்டின் தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் நிற்கிறார்கள். 2024இல் லீகின் வணிகப் பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க முயன்றபோது, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் வீசி ஆட்டங்களை நிறுத்தினர். பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஃபிஃபாவின் பேராசைக்கோ எல்லையே இல்லை. 2026 உலகக் கோப்பையை நடத்த உரிமை கோரிய ஆவணத்தில் மிகக் குறைந்த சீட்டு 21 டாலர். விற்பனைக்கு வந்தபோது 60 டாலர். தேவை கூடினால் விலையும் தானே கூடும் முறையையும் புகுத்தினார்கள். ரசிகர் தம் சீட்டை ஃபிஃபாவின் தளத்தில் மறுவிற்பனை செய்தால் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் தரகு. கறுப்புச் சந்தையை ஒழிக்கிறோம் என்று சொல்லி அதை அலுவலகத்துக்குள்ளேயே நடத்துகிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1911இல் மோகன் பகான் அணி பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்று கேடயம் பெற்ற கல்கத்தாவில், 2025 டிசம்பரில் மெஸ்ஸியைக் காண மக்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார்கள். பிரமுகர் கூட்டம் அவரைச் சூழ்ந்து நிற்க, பணம் கொடுத்தவர்களுக்கு அவர் கண்ணில்கூடச் சரியாகப் படவில்லை. நாற்காலிகள் பறந்தன. தொலைக்காட்சிகள் ரௌடித்தனம் என்றன. கணக்குக் கேட்டவர்கள் குறைவு.

நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் உடையவை என ஒன்றிய அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரலையைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். எந்த ஆட்டம் அப்பட்டியலில் சேரும் என்பது அரசின் அறிவிக்கையைப் பொறுத்தது. மக்கள் அழுத்தம் தந்தால் பட்டியல் நீளும். அதைக் கோரும் மனுவுக்கு நம் வட்டத்தில் இன்னும் ஒரு வரைவுகூட இல்லை. கலந்துரையாடலுக்கு முன் அந்த வேலையை யார் ஏற்பது என்று முடிவு செய்துவிடலாம்.