உறுதியில் இருந்த ஒரு சொல்



டொக்டர் என்றபடியால் நீரிழிவைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை விருந்துக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். இன்று எமது அம்மம்மாவின் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் இறுப்பிட்டியில் இருந்து மலாயாவுக்குப் போனவர். 1885 இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் அந்நாட்டின் முதல் ரெயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலந்தொட்டு, மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த எமது பெடியன்கள் கிளார்க்காகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கப்பலேறினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. "விட்டிட்டுப் போனவர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பூட்டியோ சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை.

எம்மோடு வேலை செய்யும் அயர்லாந்துத் தாதி ஒருவர் தம் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தார். 1922 இல் டப்ளின் ஆவணக்காப்பகம் எரிந்தபோது பழைய குடிசன மதிப்பீடுகள் பல சாம்பலாகிவிட்டனவாம். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த எமக்கு அந்தக் கதை விளங்காமல் போகுமா? "ஆளின் பெயரை வைத்துத் தேடாதே, காணித்துண்டின் பெயரைப் பிடி" என்றார் அவர். அங்கே எங்கள் குறிச்சியைப் போல ஒரு சிறு பிரிவு உண்டு. அதன் பெயர் தெரிந்தால்தான் வரிப்பதிவில் குடும்பத்தைக் காணலாமாம்.

எமக்கும் அது சரியாகவே பட்டது. அக்கால இறுப்பிட்டியில் வீட்டுக்கு ஒரு கந்தையா. தகப்பன் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கிவிடும், மலாயாவில் அந்த எழுத்தையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். காணிப்பெயரோ உறுதிக்கு உறுதி மாறாமல் வரும்.

1991 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது எமது பெரியம்மா நகையோடு உறுதிப் பையையும் தூக்கிக்கொண்டு வாணர் தாம்போதியைக் கடந்தவர். அந்தப் பையில் 1949 ஆம் ஆண்டு உறுதி ஒன்று இருந்தது. மகளுக்குச் சீதனம் கொடுக்கப் பூட்டி தன் வளவில் ஒரு துண்டை விற்றிருக்கிறார். தேசவழமைப்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டிருந்தாலோ இருப்பிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம் என்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாறு பெற்ற அனுமதியைச் சொல்லும் இடத்தில்தான் "கைவிட்டுச் சென்ற" என்ற சொல் இருந்தது. காணி விற்க வேண்டி எழுதப்பட்ட சட்டச் சொல்லைத்தான் மூன்று தலைமுறை நாம் அவருடைய குணமாகச் சொல்லி வந்திருக்கிறோம்.

அதே வரியில் அவருடைய உத்தியோகமும் தைப்பிங் என்ற ஊரும் இருந்தன. அங்குள்ள இலங்கைத் தமிழர் சிலருக்குக் கடிதம் எழுதினோம். ஏழு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. அவரோடு ஒரே குவாட்டர்ஸில் இருந்தவரின் பேத்தி எழுதியிருந்தார். அவரது தகரப்பெட்டியை அந்த வீட்டார் இத்தனை காலமும் வைத்திருந்தார்கள். உள்ளே 1941 நவம்பர் வரை ஊருக்கு அனுப்பிய மணியோடர்த் துண்டுகள் மாதம் தவறாமல் அடுக்கியிருந்தன. அடுத்த மாதம் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். பிரித்தானியர் வசமிருந்த இலங்கைக்கும் மலாயாவுக்கும் இடையே தபால் நின்றது. 1944 ஆடி மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார் என்று நண்பர் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். மலேரியாவாக இருக்கலாம் என்பது எமது ஊகம். அன்று அங்கே கொயினாவுக்குப் பெரும் தட்டுப்பாடு.

போர் முடிந்தபின் அந்த நண்பர் ஊருக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று எமக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு பார்த்தால், நண்பரின் தாளிலும் "யாழ்ப்பாணம்" என்று மட்டுமே இருந்தது. இறுப்பிட்டி இல்லை.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்துநான்கு வயது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினோம். அழவில்லை. "திகதி என்ன பிள்ளை?" என்று கேட்டார். மாதம் மட்டும்தான் இருக்கிறது என்றோம். "அப்ப ஆடி அமாவாசைக்குச் செய்வம்" என்றார். சென்ற ஆடியில் அவருடைய மகன் கீரிமலையில் தர்ப்பணம் செய்தான்.

சகோதரிகளே, உங்கள் வீடுகளிலும் ஓர் உறுதிப் பை கிடக்கும். இந்த முறை ஊரிலிருந்து திரும்புமுன் அதை ஒருதரம் அவிழ்த்துப் பாருங்கள். பழைய கையெழுத்து வாசிக்க முடியாவிட்டால் பெரியம்மாவிடம் கொண்டுவாருங்கள், அவர் கண்ணாடி இல்லாமலே வாசிப்பார்.