வாங்குகிறவருக்கும் வாய் உண்டு



"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. சும்மா கிடைத்த பொருளில் குறை சொல்லக் கூடாது என்பது அதன் கருத்து. மாட்டுக்கு அது பொருந்தலாம். நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிற உணவுக்குப் பொருந்துமா? அதைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

2020 மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மறு ஆண்டின் நடுப்பகுதியில், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவ வருவார்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. கேட்க வெட்கப்பட்டவர்களுக்காக அந்தத் துணி பேசியது. அன்று கொடுத்த கைகளை நாம் மறக்கக் கூடாது.

ஆனால், வெள்ளைத் துணியால் "எங்களுக்குப் பசி" என்று மட்டுமே சொல்ல முடியும். "எங்கள் வீட்டுக்கு இன்னது வேண்டும்" என்று அதனால் சொல்ல முடியாது. அதை மனிதர் வாய் திறந்துதான் சொல்ல வேண்டும்.

உதவிப் பையில் வழக்கமாக என்ன இருக்கிறது? அரிசி, எண்ணெய், கோதுமை மாவு, சீனி, டின் பால், சார்டின் டின், மீ பொட்டலம். நம் வீடுகளில் என்ன இருக்கிறது? 2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு மேல் இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். பாட்டிக்கும் அப்பாவுக்கும் இனிப்புநீர் உள்ள வீட்டிற்குச் சீனியும் டின் பாலும் மாதந்தோறும் போனால், பசியைத் தீர்க்க வந்த பை நோயை வளர்க்கிற பையாகிவிடும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மாவுப்பால் தேவைப்படலாம். சைவ வீட்டுக்குச் சார்டின் பயன்படாது. காலையில் செம்பனைக் காட்டுக்குப் போகிறவர் மாலையில்தான் பை வாங்க வர முடியும். பையைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கும்போது, பள்ளித் தோழர்கள் பார்ப்பார்களே என்று தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்தப் படமே வேண்டாம். இவையெல்லாம் அடுப்படியில் நிற்கிறவருக்குத் தெரியும். பை கட்டுகிறவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதில்லை.

நாம் ஏன் சொல்வதில்லை? வாய் திறந்தால் அடுத்த மாதம் பை வராமல் போய்விடுமோ என்ற பயம். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. தனியாக ஒருவர் பேசினால் அது குறையாகத்தான் கேட்கும். சேர்ந்து, முறையாகப் பேசினால் அதற்கு யோசனை என்று பெயர்.

இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலத்துக் கிராமத்து ஏழைகள் இதைச் செய்து காட்டினார்கள். 1994இல், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பின் முயற்சியால், அரசாங்க வேலைகளின் சம்பளப் பட்டியல்கள் ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிக்கப்பட்டன. நம் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று பெயர் கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சி எளிதில் விளங்கும். செய்யாத வேலைக்குக் கணக்கு எழுதியிருந்தது அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. இத்தகைய முயற்சிகளின் விளைவாக 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கடைகள் நடக்கும் விதத்தை மக்கள் தணிக்கை செய்ய வேண்டும் என்றும், கண்காணிப்புக் குழுக்களில் பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டத்தில் எழுதியதெல்லாம் எல்லா ஊரிலும் அப்படியே நடந்துவிடாது. ஆனாலும் அரிசி வாங்குகிறவர் அளவையும் பார்க்கலாம் என்பது அங்கே உரிமையாகிவிட்டது.

நமக்கும் இது புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்ந்த பால்மரத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்கே பங்காளிகள் ஆனார்கள். பங்கு கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது கூட்டுறவின் அடிப்படை.

புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உலு சிலாங்கூர்ப் பக்கத்திலும், தோட்டத்தில் இருப்பவர்களும் தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்தவர்களும் இதைச் செய்யலாம். எப்படி?

முதலாவது, ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. அதில் மூவராவது பை வாங்கும் வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். அவர்களை வாங்குகிறவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சமைக்கிறவர் பேச்சு அங்கே கேட்க வேண்டும். ஆகவே பெண்கள் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, பை கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள். போன முறை வந்ததில் எதைச் சமைக்கவில்லை? வீட்டில் யார் நோயாளி, யார் குழந்தை? எந்த நேரத்தில் வந்து வாங்க முடியும்? பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில், பெயர் போடாமல், எண் போட்டு எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது, பொருள்களை மேசையில் பரப்பி வைத்து, வீட்டுக்கு இத்தனை என்று அளவு சொல்லி, அவர்களையே எடுத்துக்கொள்ள விடலாம். சீனி வேண்டாதவர் விட்டுச் செல்லும் சீனி, வேண்டியவருக்குப் போகும். கூடுதல் செலவில்லை, பொருளும் வீணாகாது.

நான்காவது, எத்தனை பை வந்தது, எத்தனை போனது, மீதி எங்கே என்பதை எல்லாரும் கேட்கப் படிக்க வேண்டும். கணக்கைத்தான் படிக்க வேண்டும். வாங்கியவர் பெயரைப் படிக்கக் கூடாது. அவர் சம்மதமில்லாமல் படமும் எடுக்கக் கூடாது.

கொடுக்கிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். செய்ய முடியாததை, ஏன் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். பதில் வராத இடத்தில் மறுமுறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நேயர்களே, அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பிள்ளைக்கு அழத்தான் தெரியும். நாம் பெரியவர்கள்; நமக்குப் பேசத் தெரியும். அடுத்த முறை பை வரும்போது நன்றி சொல்வோம். நன்றியோடு, எங்கள் வீட்டில் இனிப்புநீர் உள்ளவர் இருக்கிறார் என்பதையும் சொல்வோம்.