21 கிலோமீட்டரும் பஜ்ருத் தொழுகையும்

(இளைஞர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வரும் ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானில், அரை மாரத்தான் தூரம் ஓட நம் பிள்ளைகள் சிலர் ஆசைப்பட்டு, பதிவுக் கட்டணத்துக்கு அறக்கட்டளையின் உதவியைக் கேட்டு வந்தார்கள். செய்தி தெருவில் பரவிவிட்டது. "ஜகாத் பணத்தில் விளையாட்டா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்பதைக் குர்ஆன் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. அதில் ஓட்டப்பந்தயத்துக்கு இடமில்லை. அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்க மாட்டோம். பொது நன்கொடைக் கணக்கிலிருந்துதான் தருவோம். அதையும் எல்லாருக்கும் தர மாட்டோம். யாருக்குத் தருவோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டரும் கிட்டத்தட்ட 100 மீட்டரும். பொன்னேரியில் பஸ்ஸை விட்டுவிட்டு மெதூர், திருப்பாலைவனம் வழியாக ஓடியே ஊர் வந்து சேர்ந்தாலும் இந்தத் தூரம் முடியாது, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இதை 2020 நவம்பரில் டெல்லியில் அவினாஷ் சாப்ளே 60 நிமிடம் 30 விநாடியில் ஓடி இந்தியச் சாதனை படைத்தார். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை, ராணுவ வீரர். நம் பிள்ளைகளுக்கு அந்த வேகம் வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று போனாலும் 2 மணி 49 நிமிடத்தில் முடித்துவிடலாம். அதுவே நல்ல ஓட்டம்.

"வலை இழுக்கிறவனுக்கு ஓட்டப் பயிற்சி எதற்கு?" என்றும் ஒருவர் கேட்டார். நம் வாப்பாமார்கள் ஏரியில் கோல் ஊன்றிப் படகு தள்ளினார்கள், பாய் கட்டிப் போனார்கள், சேற்றில் இறங்கி நடந்தார்கள். இன்று படகில் இன்ஜின் இருக்கிறது, கரைக்கு வந்தால் பைக் இருக்கிறது. படித்த பிள்ளைகள் எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காருகிறார்கள். வீட்டில் பனையோலை பின்னும் நம் பெண்களும் அப்படித்தான், காலை மடக்கி உட்கார்ந்தால் மாலையில்தான் எழுகிறார்கள். உழைப்பு குறைந்தது, பரோட்டாவும் பிரியாணியும் குறையவில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானது. நம் தெருவில் மாத்திரை டப்பா இல்லாத வீட்டைத் தேடிப் பாருங்கள், அந்த எண்ணிக்கையை நம்பக் கஷ்டமாக இருக்காது.

வயதாகிவிட்டது என்பவர்களுக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2021-இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோய் உள்ளவர். 2004-இல் நடந்த சாலை விபத்தில் பலத்த காயமடைந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் அதிகமான அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். அரசியலில் யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் இருக்கட்டும், இந்த விஷயத்தில் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஓட்டம் நம் மார்க்கத்துக்குப் புறம்பானதும் அல்ல. ஸலமா இப்னு அக்வஃ (ரலி) அவர்களின் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் விரிவாக இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையர்கள் ஓட்டிச் சென்றபோது, குதிரையில் போனவர்களைத் தனி ஆளாகக் கால்நடையாகவே துரத்தி மீட்டவர் அவர். மதீனா திரும்பும் வழியில் அன்சாரி ஒருவர் பந்தயத்துக்கு அழைக்க, நபியவர்களிடம் அனுமதி பெற்று ஓடி வென்றார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்களே ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. முதல் முறை ஆயிஷா அவர்கள் முந்தினார்கள். சில காலத்துக்குப் பின், அவர்கள் உடல் பருத்திருந்தபோது, நபியவர்கள் முந்தினார்கள். முந்தைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று வேடிக்கையாகவும் சொன்னார்கள். தாய்மார்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். நடக்க விரும்பும் பெண்களுக்கு அஸருக்குப் பிறகு தனியாக ஏற்பாடு செய்ய அறக்கட்டளை தயாராக இருக்கிறது. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிய்யத் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். ஸஃபா மர்வா இடையிலான ஏழு சுற்று மட்டும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வருகிறது. தவாஃபும், மினாவில் நடக்க வேண்டிய நடையும் தனி. போய் வந்தவர்களின் முழங்கால் அந்தக் கதையைச் சொல்லும்.

இனி பயிற்சி. நமக்கு முழுதாகப் பதினான்கு வாரங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு நான்கு நாள் போதும், மற்ற நாட்கள் ஓய்வு. ஓய்வு நாளில்தான் கால் பலம் பெறுகிறது. முதல் நான்கு வாரம் யாரும் தொடர்ந்து ஓடக் கூடாது. ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி அரை மணி நேரம். ஓடும்போது பக்கத்தில் வருபவனோடு பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். இதுதான் மிகப் பெரிய விதி, நம் பிள்ளைகள் மீறப்போவதும் இதைத்தான், ஏனென்றால் பக்கத்தில் ஓடுபவனை முந்தாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

பிறகு வாரம் ஒரு நாள் நீண்ட ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரமும் வெளியூர்க் கூட்டமுமாகச் சாலை நெரியும். அதனால் தொழிலுக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை பஜ்ருக்குப் பிறகு ஓடுங்கள். படிக்கிற பிள்ளைகள் ஞாயிறு அன்று சீக்கிரமே தொடங்கிக் கூட்டம் வருவதற்குள் முடித்துவிடுங்கள். ஐந்தாவது வாரம் 6 கிலோமீட்டர். வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் என்று ஏற்றி, பன்னிரண்டாவது வாரம் 16 அல்லது 17. கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைக்க வேண்டும். பயிற்சியில் 21 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. 17 ஓடியவன் அன்று 21 ஓடிவிடுவான், இன்ஷா அல்லாஹ்.

இடையில் மழைக்காலம் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம்மை எப்படி முடக்கியது என்று சொல்லத் தேவையில்லை. மழையில் ஒரு வாரம் போனால் போனதுதான். அதை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடிச் சரிக்கட்டப் பார்த்தால் முழங்காலும் கணுக்காலும் வீங்கும். கடற்கரை மணலில் ஓடினால் பலம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். உதிரி மணலில் கால் புதையும், கெண்டைச் சதை பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் நடக்கும் போட்டிக்குப் பெரும்பாலும் சாலையில்தான் பழக வேண்டும். பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் ஓடுகிறவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று உப்பியிருக்கும். விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். போட்டி நாளன்று புது ஷூ போட்டால் கொப்புளத்தோடுதான் வீடு திரும்புவீர்கள்.

தண்ணீரைப் பற்றித் தவறான எண்ணம் இருக்கிறது. நிறையக் குடித்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு உப்பின் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் நல்லது. ஓடுவதற்கு முன் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், கையில் நான்கு பேரீச்சம்பழம் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஓட வரக் கூடாது.

ஒரு தாய் அழுதபடி என் வீட்டுக்கு வந்து, ஓடும்போது நெஞ்சடைத்து இறந்துவிட்டதாக டிவியில் காட்டுகிறார்களே என்று கேட்டார். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்தார்கள். அதில் மாரடைத்து இதயம் நின்றது 59 பேருக்கு, இறந்தவர்கள் 42 பேர். முழு மாரத்தானைவிட அரை மாரத்தானில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அந்த 42 வீடுகளுக்கு அந்தக் கணக்கால் ஆறுதல் இல்லை. அவர்களில் பலருக்கு இதயத்தில் முன்பே கோளாறு இருந்தது. உயிர் பிழைத்தவர்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ததுதான்.

ஆகவே நம் நிபந்தனை இதுதான். ஓட விரும்புகிறவர் முதலில் மருத்துவரிடம் காட்டி, இரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி மூன்றும் பார்த்துச் சீட்டுக் கொண்டு வர வேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், மயக்கமோ நெஞ்சு வலியோ வந்ததுண்டு என்றால், அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மறைப்பவன் தன்னைத்தானே ஏமாற்றுகிறான். உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். பத்து வாரம் ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு மட்டுமே கட்டணம் கட்டுவோம். நெஞ்சை அழுத்தும் முதலுதவியைப் பயிற்சிக்கு வரும் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும், ஏரியில் மூழ்கியவனைக் கரை சேர்க்கும்போதும் அது உதவும்.

இனி, எனக்கு மிக முக்கியமான விஷயம். இப்படிப்பட்ட ஓட்டங்கள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பது 6.30 மணிக்குப் பின். பஜ்ரு நேரம் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் வருகிறது. அதாவது பஜ்ருடைய நேரம் முழுவதும் நீங்கள் சாலையில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். முன்கூட்டித் தொழ முடியாது, வேறு தொழுகையோடு சேர்க்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து களா செய்துகொள்ளலாம் என்று நினைப்பவனுக்கு நம் கட்டணம் கிடையாது.

செய்ய வேண்டியது எளிது. ஒளூவோடு தொடங்குங்கள். முறிந்தால் தண்ணீர் தரும் இடத்தில் ஒரு பாட்டில் போதும். நேரம் வந்ததும் சாலை ஓரமாக, பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்குங்கள். இடுப்பில் மெல்லிய துண்டு ஒன்று இருக்கட்டும். கிப்லாவின் திசையை முந்தின நாளே பார்த்து வையுங்கள், சென்னைக்கு அது மேற்கிலிருந்து சற்று வடக்கு. இரண்டு ரக்அத் பர்ளுக்கு ஐந்து நிமிடம். மூன்று மணி நேரத்தில் ஐந்து நிமிடம் போனதால் யாரும் தோற்றுவிடப் போவதில்லை. கால்சட்டை முழங்காலுக்குக் கீழ் இறங்கியிருக்கட்டும், கடையில் விற்கிற குட்டை டவுசர் வேண்டாம். சோமாலியாவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய மோ ஃபரா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வென்றதும் அத்தனை கூட்டத்துக்கு நடுவே தரையில் ஸஜ்தா செய்தார். மெரினா சாலையில் நாலு பேர் பார்ப்பார்களே என்று உங்களுக்கு என்ன கூச்சம்?

நோன்பு மாதம் வரும்போது நீண்ட ஓட்டம் வேண்டாம். தராவீஹுக்குப் பின் நடை போதும்.

பெயர் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மட்டும். திருமணமாகாதவர்கள் வாப்பாவையோ உம்மாவையோ அழைத்து வர வேண்டும். திருமணமானவர்கள் மனைவியிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பதினான்கு வாரம் விடியற்காலையில் வீட்டு வேலை யார் தலையில் விழும் என்று அவருக்குத்தான் தெரியும். இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அதிகாலையில் கிளம்பிப் போய்ச் சேர முடியாது. முந்தின நாள் அஸர் தொழுதுவிட்டு வேனில் புறப்படுவோம். இஷாவுக்குப் பிறகு அங்கே யாரும் கடைத்தெருவுக்குப் போகக் கூடாது, பத்து மணிக்குள் விளக்கு அணைந்துவிட வேண்டும்.