உழவனைத் தேடிச் சென்ற பள்ளி

 

கற்றவன் வாயிலில் கல்லாதவன் காத்துக் கிடக்க வேண்டும் என்பது பழைய நடைமுறை. அதைத் தலைகீழாய்த் திருப்பிக் காட்டிய ஊர், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேக்கன் மாவட்டத்தில் உள்ள தசுக்கீகி.

அம்மாநிலத்தில் அடிமைகட்கு எழுத்தறிவிப்பதே குற்றமென 1832-இல் சட்டம் செய்தனர் வெள்ளையர். 1865-இல் அடிமைத்தளை அறுந்தது, வறுமைத்தளை அறவில்லை. கருப்பின உழவர் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுது, விளைந்ததை நிலக்கிழார்க்கும் கடன்காரர்க்கும் அளந்துவிட்டு வெறுங்கையராய் நின்றனர். ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்ததால் மண்ணும் வலுவிழந்தது.

1881-இல் புக்கர் வாசிங்டன் தலைமையில் தசுக்கீகியில் ஒரு கல்விக்கூடம் எழுந்தது. அடிமையாகவே பிறந்த சியார்ச்சு வாசிங்டன் கார்வர் 1896-இல் அதன் வேளாண் துறைக்கு வந்தார். தட்டைப்பயறும் நிலக்கடலையும் மாற்றி விதைத்தால் மண்ணில் தழைச்சத்து ஏறும் என எடுத்துரைத்தார். உழவர்க்கென எளிய நடையில் சிறுநூல்கள் எழுதினார்.

படிக்கத் தெரியாதவர்க்கு என் செய்வது? 1906-இல் கோவேறு கழுதை பூட்டிய வண்டியொன்று கருவிகளும் விதைகளும் ஏற்றிக்கொண்டு ஊரூராய்ப் புறப்பட்டது. அவ்வாண்டே அதன் பொறுப்பேற்ற தாமசு காம்பெல், உழவன் வயலிலேயே செய்து காட்டினார். உழவன் பேச்சிலேயே விளக்கினார். 1923-இல் புதிய உந்துவண்டி வாங்கக் கருப்பின உழவர்களே காசு திரட்டினர். பயன் கண்டவர் கை தானே நீளும்!

1914-இல் அமெரிக்க அரசு இப்பணியை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. ஆனால் தென்மாநிலங்களில் பணம் வெள்ளையர் கல்லூரிகள் வழியே சென்றது. கருப்பர்க்குக் கிட்டியது சிறு பங்கே. உழவனுக்கெனத் திட்டம் இருந்தால் மட்டும் போதாது. அஃது எவர் கையில், எவர் மொழியில் என்பதே கேள்வி.

அக்கேள்வி தமிழ் மண்ணுக்கும் உரியது. இந்திய ஒன்றியத்தின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் எழுந்தது. தில்லி அவ்வகை நிலையங்கட்கு இட்ட பெயரோ 'கிருசி விக்யான் கேந்திரா'. ஏர் பிடித்தவனுக்கு வாயில் நுழையாத பெயர்! கோவையில் 1971-இல் தோன்றிய வேளாண் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழி இளநிலைப் பட்டப்படிப்பு வந்ததோ 2021-இல். அரை நூற்றாண்டுக் காலம் தமிழ் உழவனின் மகன் தன் மண்ணின் அறிவை அயன்மொழியில் கற்றான். தந்தைக்கு அதை எடுத்துச் சொல்லச் சொல்லின்றித் திகைத்தான்.

வேளாண் அறிவு உழவனின் வரப்பேறி வரட்டும். வரும்போது அவன் தாய்மொழியில் வரட்டும். மொழி விலகி நின்றால் அறிவும் விலகி நிற்கும்; அறிவு விலகினால் நிலமும் விலகிப் போகும். மொழி காப்போம், மண் காப்போம்!