மூன்று விரல் நுழையுமா?

(பொன்விழாவையொட்டி நம் பங்கில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பேச்சைத் தொடங்குமுன் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நுழைகிறதா? மகிழ்ச்சி. பெரியவர்களுக்கு வாய் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும். அவரவர் வாய்க்கு அவரவர் விரலே அளவுகோல்.

இப்போது காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒன்று அசைகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. கதவின் கீல் போல அது சுழலும். முன்னோக்கி வழுக்கியும் செல்லும். எலும்புகள் உரசாதபடி நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு உண்டு. வலமும் இடமும் உள்ள இரண்டு மூட்டுகளும் சேர்ந்தே உழைக்க வேண்டும். ஒன்று நகர மறுத்தால், வாய் திறக்கும்போது தாடை அந்தப் பக்கமாகக் கோணும்.

வாய் திறக்கும்போது "டக்" என்று சத்தம் வருகிறதென்று பலர் பயந்து வருகிறார்கள். வலியில்லாமல் வாய் நன்றாகத் திறந்தால், சத்தத்திற்கென்று தனி வைத்தியம் வேண்டியதில்லை. வலி இருந்தால், மெல்லும் தசைகளின் களைப்பாகவும் இருக்கலாம். மனக்கவலையும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும் அதை வளர்க்கும். சில வாரங்கள் மெத்தென்ற உணவு, இளஞ்சூட்டு ஒத்தடம், கொட்டாவி வரும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொள்வது ஆகியவற்றாலேயே பெரும்பாலோர் தேறிவிடுவர். கொட்டாவி விட்டபின் வாயை மூடவே முடியாவிட்டால், மூட்டு நழுவியிருக்கிறது என்று பொருள். வீட்டில் யாரும் தள்ளிப் பார்க்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள். காயம் பட்ட சில நாளில் தாடை இறுகினால் அது தனுர்வாதமாக இருக்கக்கூடும். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

தாய்மார்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாயார் என்னிடம் அழைத்து வந்தார். "பல் கோணலாக இருக்கிறது, டாக்டர்" என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல்கூட நுழையவில்லை. மோவாய் உள்வாங்கிச் சிறுத்திருந்தது. இரவில் பெரிதாகக் குறட்டை விடுவானாம். விசாரித்தபோது, மூன்று வயதில் படியில் விழுந்து மோவாயில் தையல் போட்டது தெரியவந்தது. தையல் ஆறியது; எல்லாரும் மறந்துவிட்டார்கள். "கஞ்சியும் குழைந்த சோறும்தான் விரும்பிச் சாப்பிடுவான், நாங்களும் அப்படியே பழக்கிவிட்டோம்" என்றார் அந்தத் தாயார். விருப்பமல்ல அது, வேறு வழி அவனுக்கு இல்லை.

மோவாயில் விழும் அடி, காதருகே உள்ள மூட்டைப் போய்த் தாக்கும். அங்கே உள்ளுக்குள் இரத்தம் கட்டி, நாளடைவில் எலும்போடு எலும்பு ஒட்டிப்போகலாம். கவனியாமல் விட்ட காதுச் சீழும் சில வேளை இதே கேட்டைச் செய்யும். குழந்தையின் கீழ்த்தாடை வளர்ச்சிக்கு அந்த மூட்டு மிகவும் முக்கியம். ஆகவே முகமும் வளராது. மூச்சுப் பாதையும் குறுகும்.

அந்தச் சிறுவனுக்கு ஒட்டிய எலும்பை வெட்டி நீக்கி அறுவை செய்தார்கள். அதன்பின் மாதக்கணக்கில் அவனுக்கு வாய் திறக்கும் பயிற்சி கொடுத்தது அவன் தாயார்தான். பிள்ளை அழுவான், அவரும் அழுவார், ஆனால் ஒரு நாளும் விடவில்லை. விட்டிருந்தால் மூட்டு மறுபடி ஒட்டியிருக்கும். இன்று அவன் முறுக்குக் கடித்துத் தின்கிறான்.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. குழந்தை மோவாயில் அடிபட விழுந்தால், தையலோடு நிறுத்திவிடாதீர்கள். மூட்டையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பின்பு சில மாதங்களுக்கு, வாரம் ஒருமுறை, குழந்தையின் சொந்த விரல் மூன்றையும் வைத்துப் பாருங்கள். அளவு குறைந்து வந்தால் அன்றே புறப்படுங்கள்.

காசு செலவில்லாத சோதனை இது. இன்றிரவே வீட்டில் எல்லாரும் செய்து பாருங்கள்.