சீனக் கவிதை: பார்ப்பதா, கேட்பதா?

சீன எழுத்தே சித்திரம், ஆகவே சீனக் கவிதையும் சித்திரந்தான் என்றொரு எண்ணம் எம்மிடையே உண்டு. நானும் நெடுங்காலம் அவ்வாறே நம்பியிருந்தேன். இதற்கு முதற்காரணர் அமெரிக்கரான ஃபெனலோசா. 1908இல் அவர் மறைந்தபின் அவருடைய குறிப்பேடுகளைக் கொண்டே எஸ்ரா பவுண்ட் 1915இல் ‘கதே’ என்னும் மொழிபெயர்ப்புத் தொகுதியை வெளியிட்டார். பவுண்டுக்கோ அப்போது சீனமொழி தெரியாது! ஆங்கிலத்தில் அவை நல்ல கவிதைகளே, அதை மறுப்பதற்கில்லை.

பீஜிங்கிற் பிறந்த அறிஞர் ஜேம்ஸ் லியூ 1962இல் இக்கொள்கையை மறுத்தார். சீன எழுத்துக்களுட் பெரும்பாலானவை பொருட்குறியும் ஒலிக்குறியும் இணைந்தவை. தாங் காலத்து யாப்போ தொனிகளை எதிரெதிர் நிறுத்தி அமைவது. சித்திரத்தை மட்டும் பார்ப்பவர் இந்த ஓசையை இழந்துவிடுகிறார்.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. 755இல் மூண்ட அன் லூஷான் கிளர்ச்சியில் அலைக்கழிந்தவர் கவிஞர் தூ ஃபூ. சீன வாசகர் அவரைக் ‘கவிதை வரலாற்றாசிரியர்’ என்பர். அவர் பாடிய இரவு, அவர் உண்மையில் விழித்திருந்த இரவே. அமெரிக்கரான ஸ்டீபன் ஓவன் 1985இல் இவரையும் வேர்ட்ஸ்வர்த்தையும் அருகருகே வைத்து, புனைவாக வாசிக்கும் மேலைமரபு இங்கு பொருந்தாது என்றார்.

ஆயினும் எனக்கு ஓர் ஐயம். உரைகாரர் பாட்டைக்கொண்டே அதன் ஆண்டைக் கணிக்கின்றனர்; பின்னர் அவ்வாண்டைக்கொண்டே பாட்டுக்கு உரை சொல்கின்றனர்.